காத்தாயி எண்ணெய் தடவ மறந்த உறை

ஆமைக்கு ஓடு வராத அந்தக் காலத்தில், கரட்டு அடிவாரத்தில் கள்ளிப்பாறை என்றோர் ஊர் இருந்தது. அங்கே ஓணான் ஒரு வார்த்தை கேட்டால் மனிதர் நின்று பதில் சொல்லிவிட்டுத்தான் போவார்கள். யார் பேச்சையும் கேட்காதது வெயில் ஒன்றுதான்.

அந்த ஊர்க்காரர்கள் வெளியே கிளம்பினால் தோளில் ஒரு சுரைக்குடுக்கை தொங்கும். முற்றிக் காய்ந்த சுரைக்காயைக் குடைந்து எடுத்த குடுக்கை. கனம் இருக்காது, தண்ணீர் குளுமையாக இருக்கும். ஆனால் கல்லில் லேசாக இடித்தாலும் விரிசல் விட்டுவிடும். அதனால் ஒவ்வொரு குடுக்கைக்கும் தோலில் ஓர் உறை உண்டு. அந்த உறைகளைச் செய்கிறவள் காத்தாயி.

வெறும் உறை என்றால் யாரும் தைத்துவிடலாம். காத்தாயியின் உறையில் சித்திரம் இருக்கும். ஒரு வீட்டுக்குக் கெண்டை மீன். ஒரு வீட்டுக்கு வேப்பங்கொத்து. எப்போதும் சண்டை போடும் அண்ணன் தம்பி வீட்டுக்கு, முட்டிக்கொண்டு நிற்கும் இரண்டு கிடாய்கள். கிணற்றடியில் அறுபது குடுக்கைகளை வரிசையாக வைத்தாலும் எது யாருடையது என்ற தகராறு வராது.

அவளுடைய புருஷன் சடையன் ஆட்டுத்தோலை ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறவைத்துப் பதனிட்டுக் கொடுப்பான். காத்தாயி அதை நனைத்து, வேப்பமரத்தில் செதுக்கிய அச்சின்மேல் விரித்து இழுத்துக் கட்டுவாள். தோல் அரை ஈரத்தில் இருக்கும்போது சின்ன உளியால் கோடு கீறி, சித்திரத்தைச் சுற்றிய இடத்தைத் தட்டித் தாழ்த்துவாள். அப்புறம் சாயம். முழுக்கக் காய்ந்ததும் கழற்றினால் பாதி உறை தயார். இப்படி இரண்டு பாதிகளைச் செய்து, நடுவில் குடுக்கையை வைத்துச் சுற்றித் தைத்துவிடுவாள்.

ஈரத்தோலுக்கு ஒரு குணம் உண்டு. காயும்போது சுருங்கும், பிடித்ததை விடாது. குடுக்கையின் மேலேயே இழுத்துக் கட்டினால் குடுக்கையை நொறுக்கிவிடும். மர அச்சில்கூட முதலில் விளக்கெண்ணெய் தடவிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அச்சும் தோலும் ஒன்றாகிப்போகும். எண்ணெய், தோல், உளி, சாயம். இந்த வரிசை காத்தாயிக்குத் தூக்கத்தில்கூடத் தப்பாது.

மழை பொய்த்து மூன்றாவது வருஷம் அது. ஊர்க்கிணற்றில் வாளி போய்த் தரையைத் தட்டியது. ஐந்து நாள் நடைத் தூரத்தில் பெருஞ்சுனை இருந்தது. மழை வரும்வரை ஆடு மாடுகளோடு எல்லாரும் அங்கே போய்விடுவது என்று முடிவானது. காத்தாயிக்கு மட்டும் வழியில்லை. அவள் நிறைமாதம். பாறையில் ஐந்து நாள் நடந்தால் பிள்ளை பாதி வழியில் பிறக்கும்.

கூட்டத்தை நடத்திக்கொண்டு போக இருந்தவள் ராக்கம்மா. குரல் பெரிது, கைவீச்சு அதைவிடப் பெரிது. கிளம்ப மூன்று நாள் இருக்கும்போது ஒரு பூதாகரமான சுரைக்குடுக்கையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

“ஏ காத்தாயி! இருக்கியா, இல்ல அதுக்குள்ள பெத்துட்டியா?”

“இன்னும் இல்லக்கா. என்னக்கா இது, குடுக்கையா, குதிரா?”

“என் கொல்லையில காய்ச்சது. இதுக்கு ஓர் உறை போட்டுக் குடு. சுனையில போய் ரொப்பி, எந் தம்பி தலையில ஏத்தி உனக்கு அனுப்பறேன். போக அஞ்சு, வர அஞ்சு, பத்தே நாளு. அதுவரைக்கும் ஊருல மிச்சமிருக்கிற ரெண்டு பானைத் தண்ணியும் உங்களுக்குத்தான். உறை இல்லாமக் கொண்டு வந்தா மொதப் பாறையிலயே ஒடைஞ்சிரும். அப்புறம் நீயும் உன் புருஷனும் வானத்தப் பாத்து வாயப் பொளக்க வேண்டியதுதான்.”

காத்தாயி குடுக்கையைச் சுற்றி நூல் வைத்து அளந்தாள். வீட்டில் இருந்த அச்சு ஒன்றும் இதில் பாதிக்குக்கூடக் காணாது. புதிதாகச் செதுக்கப் பத்து நாளாகும்.

ராக்கம்மா போனபின், நூலைக் கையில் வைத்துக்கொண்டே கொல்லைப் பக்கம் வந்தாள். தோல் ஊறும் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு சூரைமுள் புதர். அதன் நிழலில் ஆமை படுத்திருந்தது. அந்த நாளில் ஆமையின் முதுகு தோல் சீவிய நுங்கு மாதிரி வழவழவென்று மெத்தென்று இருக்கும். வெயில் பட்டால் கொப்புளித்துவிடும். இருட்டினாலோ நரி பயம். அதனால் பகல் முழுக்கப் புதருக்குள்ளேயே கிடக்கும். ஆனால் அந்த முதுகின் வளைவு! காத்தாயி மெல்லக் குனிந்து நூலை அதன்மேல் வைத்துப் பார்த்தாள். ஒரு விரல்கூட மிச்சமில்லை.

“என்ன தங்கச்சி, எனக்குப் பொடவையா அளக்கற?” என்றது ஆமை.

“ஆமையண்ணே, ரெண்டு நாளைக்கு எனக்கு அச்சா இருப்பியா? சும்மா படுத்திருந்தாப் போதும். ஆடக் கூடாது, அசையக் கூடாது.”

ஆமை யோசித்தது. ஆமை யோசிப்பதென்றால் ஒரு பானை நெல் அவிகிற நேரம்.

“இத்தன வருஷத்துல எங்கிட்ட ஒருத்தரு ஒரு வேலை கேட்டது இதுதான் மொத தடவ,” என்றது. “அதுவும் நான் நல்லாச் செய்யற வேலை.”

முதல் நாள் எல்லாம் ஒழுங்காக நடந்தது. காத்தாயி எண்ணெய் தடவினாள், தோலை விரித்தாள், கட்டினாள். ராக்கம்மாவுக்கு யாரிடமும் இல்லாத சித்திரம் வேண்டுமாம். பாறைக்காட்டில் இரவில் நடக்கிறவர்களுக்கு வழி சொல்வது விண்மீன்கள் என்பதால், காத்தாயி விண்மீன்களையே வரைய நினைத்தாள். ஒரு பாதி பகல், மறு பாதி இரவு. பகல் பாதியை மஞ்சள் பூசிக் கருங்கதிர்கள் இழுத்தாள். உளியை வைத்துக் கொட்டாப்புளியால் தட்டியபோதெல்லாம் ஆமை நெளிந்தது.

“கூசுது தங்கச்சி.”

“அசையாதண்ணே, கதிர் கோணலாப் போவுது.”

“விலாவுல தட்டாத, வேற எங்கயாவது தட்டு.”

“உனக்கு ஒடம்பு முழுக்க விலாவா இருக்கே, நான் எங்கதான் தட்ட?”

பொழுது சாய்வதற்குள் அந்தப் பாதி காய்ந்து, சத்தமில்லாமல் கழன்று வந்தது.

இரண்டாம் நாள் காலை காத்தாயி எண்ணெய்க் கிண்ணத்தைக் கையில் எடுத்தாள். அந்த நேரம் பார்த்து வயிற்றுக்குள் ஓர் உதை. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு விலாவைப் பிடித்துக்கொண்டாள்.

“வலியா தங்கச்சி?”

“வலி இல்லண்ணே. உள்ள இருந்து உதைக்குது.”

“எங்க? எனக்கு ஒண்ணும் தெரியலையே.”

“தூரத்துல இருந்து பாத்தாத் தெரியுமா? கன்னத்த வெச்சுப் பாரு.”

ஆமை கழுத்தை நீட்டி அவள் வயிற்றில் கன்னத்தை வைத்தது. வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. “தூங்கிருச்சு போல,” என்று ஆமை சொல்லி வாயை மூடவில்லை, உள்ளே இருந்தது ஓங்கி ஓர் உதை விட்டது. ஆமை பின்னால் சரிந்து மல்லாந்தது. நாலு காலையும் ஆட்டிக்கொண்டு, “பொறக்கறதுக்கு முன்னாடியே என்னை அடிக்குது பாரு!” என்று கத்தியது.

காத்தாயி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பஞ்சம் வந்ததிலிருந்து அவள் அப்படிச் சிரித்ததில்லை. சிரித்துக்கொண்டே ஆமையைப் புரட்டி நிமிர்த்தினாள். சிரித்துக்கொண்டே ஈரத்தோலை எடுத்து அதன் முதுகில் விரித்தாள், இழுத்துக் கட்டினாள், உளியை எடுத்தாள். எண்ணெய்க் கிண்ணம் வைத்த இடத்திலேயே இருந்தது.

இரவுப் பாதி அவள் அதுவரை செய்ததிலேயே அழகாக வந்தது. கட்டம் கட்டமாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு விண்மீன். இரும்புத்துருவும் வெல்லமும் ஊறிய கருநீரைத் தொட்டதும் ஆவாரம்பட்டைத் தோல் கன்னங்கரேலென்று மாறியது. அதன்மேல் வேப்பம்பிசினில் குழைத்த மஞ்சளால் கதிர் கதிராக இழுத்தாள். பிசின் உளிக்கீறல்களில் இறங்கி, தோலைத் தாண்டி, அடியில் இருந்த மெத்தென்ற முதுகையும் தொட்டது. அது அவளுக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் கழற்றப் போனாள். வரவில்லை. ஓரத்தில் நகத்தைக் கொடுத்து நெம்பினாள். ஆமை “அம்மா!” என்று அலறியது. காத்தாயி நிமிர்ந்து பார்த்தாள். எண்ணெய்க் கிண்ணம் நிரம்பியபடியே இருந்தது.

சடையன் வந்து பார்த்தான். சுற்றிலும் தட்டிப் பார்த்தான். “முதுகும் தோலும் ஒண்ணாயிருச்சு புள்ள,” என்றான். “ஊற வெச்சா இளகும். ஒரு தொட்டித் தண்ணி வேணும்.”

தொட்டி நிறையத் தண்ணீருக்கு அவர்கள் எங்கே போவார்கள்? இருந்த இரண்டு பானையும் குடிப்பதற்கே எண்ணி வைத்தது.

மறுநாள் வெயில் தாழும் நேரத்தில் ஊர் மொத்தமும் மூட்டை கட்டிக்கொண்டு நின்றது. ராக்கம்மா உறை கேட்டு வந்தாள். பகல் பாதியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, “கண்ணு பட்டுரும்டீ,” என்றாள். “இன்னொரு பாதி எங்க?”

காத்தாயி ஆமையைக் காட்டினாள். நடந்ததைச் சொன்னாள்.

“எண்ணெய் தடவாம விட்டியா? நீயா?” ராக்கம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறகு மடியிலிருந்து சூரிக்கத்தியை எடுத்தாள். “சரி. ஆனது ஆச்சு. உரிச்சிருவோம். வலிக்கத்தான் செய்யும், பொறுத்துக்கட்டும்.”

“உரிச்சா உசுரு போயிரும்க்கா.”

“உறை இல்லாமப் போனா உன் உசுரு போயிரும். உன் வயித்துல இருக்கறதோட உசுரும் போயிரும். ஓர் ஆமையா, உன் பிள்ளையா? சொல்லு.”

ஆமை கண்ணை மூடிக்கொண்டு, அச்சாக இருந்தபோது படுத்திருந்த மாதிரியே அசையாமல் படுத்திருந்தது. அதுதான் காத்தாயிக்குப் பொறுக்கவில்லை. அவள் ராக்கம்மாவின் கையிலிருந்து கத்தியை வாங்கி, எக்கி நின்று கூரைச் செருகலில் உயரத்தில் செருகினாள்.

“தப்பு என்னோடதுக்கா. என் வயித்துல கன்னத்த வெச்சுக் கேட்டதோட முதுகு அது.”

“பாசம் பொத்துக்கிட்டு வருது,” என்றாள் ராக்கம்மா. ஆனாலும் குரல் இறங்கியிருந்தது. “அந்த ஒரு பாதியையாவது குடு. மறுபக்கம் வைக்கோலச் சுத்திப் பாக்கறேன். பாதித் தண்ணியாவது வந்து சேருமான்னு பாப்போம்.”

காத்தாயி பகல் பாதியை நீட்டினாள். அந்த நேரம் ஆமை கண்ணைத் திறந்தது. புதர் நிழலை விட்டு வெளியே, சாய்வெயிலில் வந்து நின்றது. எல்லாரும் அது துடிக்கும் என்று பார்த்தார்கள். துடிக்கவில்லை.

“முதுகு சுடல,” என்றது, அதற்கே நம்ப முடியாமல். “தங்கச்சி, உனக்கு ஒண்ணு சொல்லணும். காத்து அடிக்கற நாள்ல எனக்குத் தண்ணி வாசம் வரும். மேக்க, அந்தக் கரும்பாறைப் பக்கம். எங்கன்னு கை காட்டத் தெரியாது. மூக்கு போற வழியிலதான் போகணும். வெயில்ல உருகிருவேன், ராத்திரி நரி தின்னுரும்னு இத்தன நாளும் போகல. இப்பப் போலாம். ஆனா...” வயிற்றைத் தூக்கிக் காட்டியது. “பாறை கீழ இருந்தும் சுடுமே. அடியில ஒண்ணும் இல்லையே.”

காத்தாயி கையிலிருந்த பகல் பாதியைப் பார்த்தாள்.

“அடியே, வேணாம்,” என்றாள் ராக்கம்மா, அவள் முகத்தைப் படித்துவிட்டு. “அதையும் குடுத்துட்டா என்னால ஒரு சொட்டுக்கூட அனுப்ப முடியாது. மூக்க நம்பிப் பிள்ளையப் பெக்கப் போறியா? அது நடந்து போயி, திரும்பி வந்து... ஆமைடீ அது!”

காத்தாயி சடையனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் தாடியைச் சொறிந்தான்.

“வைக்கோல் சுத்தின குடுக்கை எப்படியும் ஒடையும்,” என்றான். “மூக்கு ஒடையாது.”

தொட்டியின் அடியில் இரண்டு கை அளவு எஞ்சியிருந்த ஆவாரம்பட்டைத் தண்ணீரை ஊற்றி அந்தப் பாதியை நனைத்தாள் காத்தாயி. கொட்டாப்புளியால் தட்டித் தட்டைப் பலகையாக்கினாள். எண்ணெய் தடவவில்லை, இந்த முறை தெரிந்தே தடவவில்லை. ஆமையின் வயிற்றில் வைத்து, கழுத்துக்கும் வாலுக்கும் காலுக்கும் வழிவிட்டு, இரண்டு பக்கமும் மேல்பாதியோடு சேர்த்து நரம்பால் தைத்தாள். ராக்கம்மா நின்று பார்த்தாள். கடைசி முடிச்சு விழுந்ததும் வெற்றுக் குடுக்கையை அங்கேயே போட்டுவிட்டு, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கூட்டத்தோடு போனாள்.

கூட்டம் கிழக்கே போனது. ஆமை மேற்கே போனது. கூட்டம் கண்ணுக்கு மறைந்து வெகுநேரம் ஆன பிறகும் ஆமை வாசலைத் தாண்டியிருக்கவில்லை.

“இப்படியே போனா மழைக்காலத்துக்குப் போய்ச் சேந்துரும்,” என்றான் சடையன். காத்தாயி சிரிக்கவில்லை.

முதல் பானை ஆறாம் நாள் காலியானது. வெயிலுக்கு இரண்டாவது பானை தானாகவே குறைந்தது. எட்டாம் நாள் அதில் நாலு விரல் உயரம் இருந்தது. சடையன் தனக்குத் தாகமில்லை என்றான். அவன் உதடு வெடித்திருந்ததைக் காத்தாயி பார்த்தாள், பார்க்காத மாதிரி இருந்தாள். கத்தியைச் செருகிய இடத்தை மட்டும் அவள் ஒருநாளும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஒன்பதாம் நாள் காலையில் கொல்லையில் சரக், சரக் என்று மண் உரசும் சத்தம். சடையன் எட்டிப் பார்த்தான். ஆமை வந்துகொண்டிருந்தது. முதுகில் நரியின் பல் பட்ட கீறல்கள், ஆனாலும் விண்மீன்கள் அப்படியே இருந்தன. காலில் சேறு. பாசி படிந்த கருஞ்சேறு, அந்த ஊரில் எங்கும் இல்லாதது.

“காத்தாயி! சேறு!” என்று கூவிக்கொண்டு ஓடியவன், ஆமையை இரண்டு கையாலும் அள்ளித் தூக்கினான். வயிறு முட்டக் குடித்துவிட்டு வந்திருந்த ஆமை, தூக்கிய அதிர்ச்சியில் அத்தனையையும் விட்டுவிட்டது. சடையனின் மார்பிலும் வேட்டியிலும் தண்ணீர் வழிந்து ஓடியது.

சடையன் அசையாமல் நின்றான். “தண்ணிதான்,” என்றான். “எந்தத் தண்ணின்னு மட்டும் கேக்காத.”

காத்தாயி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிக்கச் சிரிக்க இடுப்பில் வலி எடுத்தது. இது உதை இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

மண்ணில் ஆமை இழுத்துக்கொண்டு வந்த தடம் கோடு போட்ட மாதிரி தெளிவாக இருந்தது. சடையன் ராக்கம்மாவின் பெரிய குடுக்கையைத் தன் வேட்டியால் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு, அந்தக் கோட்டைப் பிடித்து ஓடினான். ஆமைக்கு நாலு நாளான தூரம் அவனுக்கு ஒரு காலை நேரம். கரும்பாறையின் அடியில், படுத்தால்தான் தெரிகிற ஓர் இடுக்கு. உள்ளே கையை விட்டான். முழங்கை வரை குளிர்ந்தது.

அவன் தண்ணீரோடு திரும்பி வந்தபோது வீட்டுக்குள்ளிருந்து இரண்டு குரல்கள் கேட்டன. ஒன்று காத்தாயியுடையது. இன்னொன்று அதுவரை அந்த ஊரில் கேட்டிராதது.

மறுநாள் இல்லை, அதற்கு மறுநாள், ராக்கம்மா வந்தாள். கூட்டத்தைச் சுனையில் விட்டுவிட்டு, மனசு கேட்காமல், தன் சின்னக் குடுக்கையில் கால்வாசித் தண்ணீரோடு தனியாக நடந்தே வந்திருந்தாள். வழியெல்லாம் அழுதிருந்தாள் போல, முகம் வீங்கியிருந்தது. கொல்லைப்பக்கம் சளக் சளக் என்று சத்தம் கேட்டு ஓடிப் பார்த்தாள். காத்தாயி காலை நீட்டி உட்கார்ந்து, காலில் பிள்ளையைக் கிடத்திக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். தண்ணீர் மண்ணில் வாய்க்காலாக ஓடியது.

ராக்கம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். “அடிப்பாவி. நான் அஞ்சு நாளா நாக்க நனைக்காம இத உனக்குக் கொண்டாந்தேன். நீ பிள்ளையக் குளிப்பாட்டற!”

“குடிக்கா மொதல்ல,” என்று சொம்பை நீட்டினாள் காத்தாயி.

ராக்கம்மா மூன்று சொம்பு குடித்தாள். நாலாவதை முகத்தில் அடித்துக்கொண்டு ஆமையைப் பார்த்தாள். “உன்ன உரிக்கப் பாத்தேன். மனசுல வெச்சுக்காத.”

“முதுகுலதான் எல்லாத்தையும் வெச்சுக்கறேன்,” என்றது ஆமை.

அப்போதுதான் காத்தாயிக்கு ஒன்று நினைவு வந்தது. பிள்ளையைத் துண்டில் சுற்றி ராக்கம்மாவிடம் கொடுத்துவிட்டு, தொட்டியில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாள்.

“ஆமையண்ணே, இப்பத் தண்ணிக்குப் பஞ்சமில்ல. ஒரு பகல் ஊறினாத் தோல் இளகிரும், பிசினும் கரைஞ்சிரும். வலிக்காமக் கழட்டிரலாம். வா,” என்று கையை நீட்டினாள்.

ஆமை அவள் கையைப் பார்த்தது. தொட்டியைப் பார்த்தது. பாறை வெயிலையும், நரியின் பல் வழுக்கிய ஓசையையும், அந்த இடுக்கில் முதன்முதலாக மூக்கை நனைத்ததையும் நினைத்ததோ என்னவோ, மெல்லத் தலையை உள்ளே இழுத்தது. பிறகு முன்கால்கள். பிறகு பின்கால்கள். கடைசியாக வால்.

“அண்ணே?”

உள்ளேயிருந்து, “அண்ணன் ஊருல இல்ல,” என்று ஒரு குரல் மட்டும் வந்தது.

காத்தாயி அதற்கப்புறம் வற்புறுத்தவில்லை. ஆனால் எந்த அச்சில் தோலை விரிப்பதற்கு முன்னும் அதை விரலால் இரண்டு தட்டுத் தட்டி, “உள்ள யாராச்சும் இருக்கீங்களா?” என்று கேட்டுவிட்டு எண்ணெய்க் கிண்ணத்தை எடுப்பாள். அவளைப் பார்த்து அவள் மகளும் அப்படியே கேட்டாள்.

யாராவது கையை நீட்டிக்கொண்டு கிட்டே போனால் ஆமை தலையையும் காலையும் உள்ளே இழுத்துக்கொண்டு கம்மென்று இருப்பது அன்று முதல்தான். பயந்து ஒளிகிறது என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். அது மட்டும், வந்திருப்பது காத்தாயிதான், தொட்டியில் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டுத்தான் கூப்பிடுகிறாள் என்று இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறது.